ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜன்னல் வழியே வருகிறவனை என்ன செய்வது?

அந்திவெளிச்சம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வருடமாக ஓர் இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமானுஷ்யம், காதல், ரத்தக்காட்டேரி எல்லாம் உண்டு. கேலி செய்ய நினைப்பவர்கள் இப்போதே செய்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன்.

நாயகி யாழினிக்கு 17 வயது. மாலை நேரங்களில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நாயகன் ஆதவன். பார்த்தால் 18 சொல்லலாம். 140 வருடமாக அப்படித்தான் சொல்ல முடிகிறது. எட்டு அத்தியாயங்கள் வரை சிக்கல் இல்லை. ஒன்பதாவதில் அவன் நள்ளிரவில் அவள் அறை ஜன்னலைத் திறந்து உள்ளே வருகிறான், நாற்காலியில் அமர்கிறான், விடியும்வரை அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு இரவுகள் இப்படி. அவளுக்குத் தெரியாது. நாவலிலேயே நான் மிகவும் ரசித்து எழுதிய அத்தியாயம் இது.

மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருத்தி அந்த இடத்தில் மூச்சே நின்றுவிட்டது என்றாள். இன்னொருவர் ஓரத்தில் "காவல் நிலையத்துக்கு எப்போது போகப்போகிறாள்?" என்று எழுதி அனுப்பினார். மூன்றாமவர் அத்தோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவும் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வைத்துக்கொள்வதா, வெட்டுவதா?

நடுநிசிவாசகி

அக்கா, வெட்டாதீர்கள்! இந்த வகைக் கதையைக் கையில் எடுப்பதே அந்த ஒரு காட்சிக்காகத்தான். ஆபத்தானவன் ஒருவன் தன் ஆபத்தை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அதைப் படிக்கும்போது வரும் நடுக்கம் வேறு எந்தக் காதல் கதையிலும் கிடைப்பதில்லை.

முட்கரண்டி

ஆபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? பூட்டிய வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து, 17 வயதுப் பெண்ணின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பல்லை நீக்கிவிட்டு இதே காட்சியை ஒருமுறை படித்துப் பாருங்கள். ரத்தக்காட்டேரி என்ற சொல் இல்லையென்றால் இது குற்றச் செய்திப் பக்கத்தில் வரவேண்டியது.

அப்புறம், ரத்தக்காட்டேரிக்கு ஆதவன் என்று பெயர் வைத்தது வேண்டுமென்றேதானா?

அந்திவெளிச்சம்

பெயர் வேண்டுமென்றேதான். அவன் அம்மா வைத்த பெயர். அவருக்கு எப்படித் தெரியும் பாவம்.

மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை. உலகம் முழுவதும் விற்ற கதையிலும் இது இருக்கிறதே என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முட்கரண்டி

2005இல் வந்த 'ட்வைலைட்' நாவலைத்தான் சொல்கிறீர்கள். ஆம், அதன் ரத்தக்காட்டேரி நாயகன் எட்வர்ட், நாயகி பெல்லா தூங்கும்போது அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நாவலைப் பற்றி எழுந்த மிகப் பெரிய குறைகளில் இதுவும் ஒன்று. இருபது வருடம் கழித்து எழுதுகிறவர் அந்தக் குறையையும் சேர்த்தா நகல் எடுக்க வேண்டும்?

பழுப்புப்பக்கம்

இருவரும் சண்டை போடுவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் ஆதவன் ஜன்னலைத் திறந்து உள்ளே வந்தான் என்கிறீர்கள். எப்படி வந்தான்? அழைப்பு இல்லாமல் இவர்கள் வாசலைத் தாண்ட முடியாது என்ற பழைய விதி உங்கள் கதையில் இல்லையா?

அந்திவெளிச்சம்

இல்லை. கதைக்குத் தொந்தரவாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

பழுப்புப்பக்கம்

தொந்தரவாக இருந்ததனால்தான் அதை வைத்திருக்க வேண்டும். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டார் நம்பிக்கையில் இருந்த ரத்தக்காட்டேரி காதலிக்கத் தக்க ஆளே இல்லை. 1725இல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பீட்டர் பிளாகோயெவிச் என்ற விவசாயி இறந்த பிறகு, எட்டே நாட்களுக்குள் ஊரில் ஒன்பது பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். கல்லறையைத் தோண்டினார்கள். உடல் அழுகவில்லை, வாயில் ரத்தம் இருந்தது என்று ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் அறிக்கை எழுதினார். அது வியன்னா பத்திரிகையில் அச்சாகவும் செய்தது. அழுகும் உடல் வீங்குவதும், வாய்வழியே கருஞ்சிவப்பு நீர் கசிவதும் இயற்கைதான் என்று இன்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை, நெஞ்சில் கழுமரம் இறக்கி எரித்தார்கள். உப்பிய உடம்பு, சிவந்த முகம், மண் வாசனை. இவனுக்கு யார் கவிதை எழுதுவார்கள்?

அவனைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, பிரபுவாக்கியவர் ஜான் பாலிடோரி. ஆங்கிலக் கவிஞர் பைரனின் மருத்துவர். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில், பைரனும் கவிஞர் ஷெல்லியும் அவர் காதலி மேரியும் பேய்க்கதைப் போட்டி வைத்த அதே கோடைகாலத்தில் பிறந்த விதை அது. கதை 1819இல் பைரன் பெயரிலேயே அச்சாகிவிட்டது. பாவம், எழுதியவருக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. வெளிறிய முகம், உயர்குடி நடத்தை, பெண்களைக் கவரும் பார்வை. உங்கள் ஆதவன் வரை வருகிற குடும்பச் சாயல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது வாசல். கோல்ரிட்ஜ் 1816இல் வெளியிட்ட 'கிறிஸ்டபெல்' கவிதையில் ஜெரால்டின் என்ற மர்மப் பெண் வாயிலருகே தளர்ந்து விழுகிறாள். கிறிஸ்டபெல்தான் அவளைத் தூக்கி நிலைப்படியைத் தாண்ட வைக்கிறாள். ரத்தக்காட்டேரி என்ற சொல்லே அந்தக் கவிதையில் கிடையாது. ஆனால் படிக்கிறவனுக்கு உள்ளங்கை சில்லிடும். 1872இன் 'கார்மில்லா' என்ற ரத்தக்காட்டேரிக் கதையிலும் அப்படித்தான். வண்டி கவிழ்கிறது, இளம்பெண் மயங்கிக் கிடக்கிறாள், கதையைச் சொல்லும் லாராவின் அப்பா இரக்கப்பட்டு விருந்தினராக ஏற்றுக்கொள்கிறார். கெட்டது உள்ளே வருவதற்கு நல்ல மனிதர்களின் இரக்கம் கதவாகிறது.

1897இல் ஸ்டோக்கர் தன் 'டிராகுலா' நாவலில் இதை வெளிப்படையான விதியாக்கினார். வீட்டில் உள்ள யாராவது ஒருவர் அழைத்தால்தான் டிராகுலா முதல்முறை நுழைய முடியும். பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த 'யாராவது ஒருவர்' என்பதைக் கவனியுங்கள். நாயகி மினா தங்கியிருக்கும் மனநல விடுதிக்குள் டிராகுலாவை அழைப்பவன் ரென்ஃபீல்ட் என்ற நோயாளி. கடிபடுவது மினா. அனுமதி கொடுத்தவர் ஒருவர், அதன் விலையைக் கொடுத்தவர் இன்னொருவர்.

உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் யாரும் யாரையும் அழைக்கவே இல்லை. முட்கரண்டிக்குக் கோபம் வருவது அதனால்தான். நடுநிசிவாசகிக்கு வரும் நடுக்கத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். அதைக் காப்பாற்றும் கருவியைத்தான் நீங்கள் தொந்தரவு என்று தூக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

முட்கரண்டி

மினா விஷயத்தை மறந்தே போயிருந்தேன். சரி, என் கோபத்துக்கு இலக்கிய ஆதாரம் கிடைத்துவிட்டது, நன்றி.

நடுநிசிவாசகி

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் முட்கரண்டி அண்ணன் போன்றவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எனக்கு 19 வயது. 13 வயதிலிருந்து இந்த வகை நாவல்களைப் படிக்கிறேன். கதையில் ஜன்னல் வழியே வருகிறவனை ரசித்ததால் நிஜத்தில் வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடுவேன் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். கொலைக் கதை படிக்கிற பெரியவர்களிடம் யாரும் கத்தியைப் பிடுங்குவதில்லையே? பெண்கள் விரும்பிப் படிப்பதற்கு மட்டும்தான் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

முட்கரண்டி

கடைசி வரி நியாயம்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொலைக் கதையில் கொலையைக் கொலை என்றுதான் சொல்கிறார்கள். இங்கே நுழைந்தவனை அன்பு என்கிறார்கள். அவன் நுழைவது எனக்குப் பிரச்சினை இல்லை. நுழைந்ததற்கு எழுத்தாளர் வயலின் வாசிப்பதுதான் பிரச்சினை.

சாம்பல்பூனை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ரத்த வங்கியில் வேலை செய்கிறேன், அதனால் இந்த வகை நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் கணக்குப் போடும் கெட்ட பழக்கம் உண்டு. அந்திவெளிச்சம், உங்கள் ஆதவன் யாழினியிடம் எவ்வளவு குடிக்கிறான்?

அந்திவெளிச்சம்

பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தினமும் ஒரு கோப்பை அளவு. ஏன் கேட்கிறீர்கள் என்று பயமாக இருக்கிறது.

சாம்பல்பூனை

பயப்பட வேண்டியதுதான். பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ஒருமுறை தானம் கொடுத்தால் எடுப்பது 350 முதல் 450 மில்லி. திரவப் பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். அதனால்தான் அடுத்த தானத்துக்குச் சில மாதம் இடைவெளி விடச் சொல்கிறோம். தினமும் ஒரு கோப்பை, அதாவது 200 மில்லி என்றால், ஐந்தே நாளில் ஒரு லிட்டர். யாழினி இருபதாம் அத்தியாயத்தில் மலை ஏறுகிறாள் என்று வேறு எழுதியிருந்தீர்கள். படியேறவே அவளுக்கு மூச்சு வாங்கும், உதடு வெளுக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும்.

மாயம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வெளுப்பு உங்கள் கதைக்குக் கிடைத்த வரம். தன் காதல் அவளை என்ன செய்கிறது என்பதை அவன் அவள் நகத்தின் நிறத்தில் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி, உங்களுக்குப் பயன்படலாம். ரத்தம் குடிக்கும் வௌவால் நிஜமாகவே இருக்கிறது, லத்தீன் அமெரிக்காவில். கட்டைவிரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. அதன் உமிழ்நீரில் ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு டிராகுலின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். அப்போது வயிறு நிறைந்த இன்னொரு வௌவால் தான் குடித்ததைக் கக்கி, பசித்ததற்கு ஊட்டும். உங்கள் நாவலில் இருக்கிற எல்லா ரத்தக்காட்டேரிகளும் தனிமையில் சோகமாக நிற்கின்றன. ஊட்டிவிட ஆள் இருக்கிற கூட்டம் ஒன்றை யோசித்துப் பாருங்கள்.

நடுநிசிவாசகி

கக்கி ஊட்டுவதைக் காதல் காட்சியில் வைக்கவேண்டாம், தயவுசெய்து.

அந்திவெளிச்சம்

வைக்கமாட்டேன். ஆனால் நகத்தின் நிறத்தை எடுத்துக்கொள்கிறேன்.

விதிகள் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பகலில் அவன் வெளியே வரலாமா? கண்ணாடியில் தெரிவானா? மூன்றாம் அத்தியாயத்தில் தெரியமாட்டான் என்று எழுதிவிட்டேன்.

பழுப்புப்பக்கம்

பகலில் வரலாம். டிராகுலாவே வருகிறான், லண்டன் தெருவில் பட்டப்பகலில் அவனைப் பார்த்து மினாவின் கணவன் ஜொனாதன் ஹார்க்கர் உறைந்து போகிறான். வெயிலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளி பட்டால் அழிந்துவிடுவான் என்பது 1922இன் 'நோஸ்ஃபெராட்டு' திரைப்படத்திலிருந்து பரவியது. அனுமதி வாங்காமல் டிராகுலா கதையை எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். சில பிரதிகள் தப்பித்தன. அதோடு அந்த விதியும் தப்பித்து, ஆதிகாலத்து நம்பிக்கை போல உலவிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடி விதிக்குப் பெரிய புகழ் தேடிக்கொடுத்தவர் ஸ்டோக்கர். ஹார்க்கர் சவரம் செய்துகொண்டிருப்பான். பின்னால் நிற்கிறவன் கண்ணாடியில் இருக்கமாட்டான். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய வெள்ளிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நாவலில் அப்படி ஒரு காரணமே இல்லை, பிற்காலத்து ஒட்டு. நீங்கள் எந்த விதியை வேண்டுமானாலும் எடுங்கள், மாற்றுங்கள். எடுத்த விதி கதையில் யாருக்காவது வலிக்க வேண்டும்.

முட்கரண்டி

வயதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எட்வர்ட் 1901இல் பிறந்தவன். 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மாற்றப்பட்டவன். பெல்லாவைச் சந்திக்கும்போது நூறு தாண்டிவிட்டது. ஆதவனுக்கு 158. யாழினிக்கு 17. இதற்கு என்ன பதில்?

சாம்பல்பூனை

உடம்போடு மூளையும் 18இல் நின்றுவிட்டது என்று எழுதலாமே.

முட்கரண்டி

அப்படியென்றால் 140 வருடம் வாழ்ந்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளாத மடையன். அவனை அவள் ஏன் காதலிக்க வேண்டும்? வளர்ந்துவிட்டான் என்றால் கிழவன். இரண்டில் எதை எடுத்தாலும் குழிதான். எனக்கு இதில் உண்மையாகவே விடை தெரியவில்லை. கேலி செய்யக் கேட்கவில்லை.

மீன்கொத்தி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயதுச் சிக்கலும் ஜன்னல் சிக்கலும் ஒன்றுதான் என்று படுகிறது. அவனுக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும், அவளுக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. 158க்கும் 17க்கும் நடுவில் இருக்கிற கழித்தல் கணக்கைவிட இந்த ஏற்றத்தாழ்வுதான் உறுத்துகிறது. நான்கு இரவுகள் அவன் பார்க்கிறான், அவள் தூங்குகிறாள். தூங்குகிறவளுக்கு வசனமே கிடையாது.

அவளை எழுப்புங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பழைய விதியையும் திரும்பக் கொண்டுவாருங்கள், ஒரு மாற்றத்தோடு. ஸ்டோக்கரிடம் அழைப்பு ஒருமுறை கொடுத்தால் நிரந்தரம், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்கள் கதையில் அந்த அறையில் உறங்குகிறவள்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் புதிதாகக் கொடுக்க வேண்டும். நேற்றுச் சொன்ன "வா" இன்று செல்லாது. ஆதவன் 140 வருடத்தில் ஊரின் எல்லாப் பூட்டையும் திறக்கக் கற்றிருக்கலாம். ஒரு பெண் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்க மட்டும் கற்றிருக்கமாட்டான். அந்த ஒன்றில் அவன் அவளைவிட இளையவன்.

முட்கரண்டி

மேலே நான் கேட்டதற்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. எரிச்சலாக இருக்கிறது.

நடுநிசிவாசகி

ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டே இருந்தால் விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஆகிவிடாதா? நடுக்கம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

மீன்கொத்தி

போகாது. ஸ்வீடனின் லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவல் ஒன்று, ஆங்கிலத்தில் 'லெட் தி ரைட் ஒன் இன்', தலைப்பிலேயே இந்த விதி இருக்கும். அழைக்காமல் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று சிறுவன் விளையாட்டாகக் கேட்கிறான். சொல்லிக் காட்டுவதற்குப் பதில் எலி உள்ளே வந்தே காட்டிவிடுகிறது. உடம்பெங்கும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. சிறுவன் பதறிக்கொண்டு அழைக்கிறான். அதைப் படித்தபோது எனக்கு விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வரவில்லை.

சாம்பல்பூனை

எலியா?

மீன்கொத்தி

பாத்திரத்தின் பெயர். எலி என்று எழுதினால் இப்படி ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்திவெளிச்சம்

மூன்று நாட்களாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். அத்தியாயத்தை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு பகுதியை மட்டும் போடுகிறேன். கடிந்தே படியுங்கள்.

*நான்காம் இரவு யாழினி தூங்கவில்லை. போர்வையைக் கன்னம்வரை இழுத்துக்கொண்டு, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கடிகாரம் இரண்டு அடித்தபோது ஜன்னல் கண்ணாடியில் அவன் முகத்தின் சாயல் விழுந்தது.*

*"எத்தனை நாளாக?" என்றாள், அசையாமல்.*

*வெளியே இலை ஒன்றுகூட அசையவில்லை. "நான்கு" என்றது குரல்.*

*"உள்ளே வந்தாயா?"*

*"முடியாது. நீ அழைக்கவில்லை."*

*"அழைத்திருந்தால்?"*

*அவன் பதில் சொல்லவில்லை. அவளுக்கு முதலில் பயமும், பயத்துக்குப் பின்னால் கோபமும், கோபத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒன்றும் வந்தன. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். குளிர் மட்டும் உள்ளே வந்தது. அவன் கை சட்டத்தின் விளிம்புவரை வந்து, கண்ணுக்குத் தெரியாத எதிலோ பட்டதுபோல நின்றது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இவ்வளவு வயதானவனுக்கு ஓர் அரையடி அகல மரச்சட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.*

*"நான் தூங்கும்போது எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும்," என்றாள். "நீ பசித்திருக்கும்போது எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. சொல்."*

*அவன் சொன்னான். மூன்று மணிவரை சொன்னான். சில இடங்களில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள், நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் அவள் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்தாள்.*

*"நாளை வாசலுக்கு வந்து கதவைத் தட்டு," என்றாள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "திறப்பேன் என்று நினைத்துக்கொண்டு வராதே."*

நடுநிசிவாசகி

அக்கா!! நடுக்கம் போகவில்லை. கூடியிருக்கிறது. முதலில் எழுதியதை நானே இப்போது விரும்பவில்லை, துரோகம் செய்வது போல இருக்கிறது.

முட்கரண்டி

நான்கு இரவு வெளியே நின்று பார்த்ததற்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்தாம் அத்தியாயத்தில் அதை மறந்துவிடாதீர்கள். மற்றபடி வயலின் சத்தம் கேட்கவில்லை. "சொல்" என்று அவள் கேட்கிற இடம் எனக்குப் பிடித்தது.

பழுப்புப்பக்கம்

குளிர் மட்டும் உள்ளே வந்தது என்ற வரிக்காகவே இரண்டுமுறை படித்தேன். அவன் மூன்று மணிவரை என்ன சொன்னான் என்பதில் பாதியையாவது வாசகருக்குச் சொல்லுங்கள். அங்கே நழுவுகிறீர்கள், எழுதக் கடினமான இடம் என்பதால் தாண்டிவிட்டீர்கள் என்று தெரிகிறது.

அந்திவெளிச்சம்

கண்டுபிடித்துவிட்டீர்கள். எழுதுகிறேன்.

சாம்பல்பூனை

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவன் முகத்தின் சாயல் விழுந்தது என்று இருக்கிறது. அவன் கண்ணாடியில் தெரியமாட்டான் அல்லவா?

அந்திவெளிச்சம்

ஐயோ.

இருங்கள். பழுப்புப்பக்கம் ஐயா சொன்ன அந்தப் பிற்காலத்து ஒட்டை நான் எடுத்துக்கொண்டால்? வெள்ளி பூசிய கண்ணாடியில்தான் தெரியமாட்டான். ஜன்னலில் இருப்பது வெறும் கண்ணாடிதானே. தெரியலாம்!

பழுப்புப்பக்கம்

நான் கேலியாகச் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் சட்டமாக்குவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் செல்லும்.

மீன்கொத்தி

செல்லாது. போன மாதம் மூன்றாம் அத்தியாயத்தை இங்கே போட்டிருந்தீர்கள். அதில் அவன் குளத்து நீரிலும் தெரியவில்லை.

அந்திவெளிச்சம்

மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்துவிட்டேன். குளத்தை வற்ற வைத்துவிட்டு வருகிறேன்.